திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் ஊர்க்காரர்களே வாங்குகிற கடைகள்: எப்படிக் கண்டுபிடிப்பது?

கோவை_வடவள்ளி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஆனி மாதம் சாரல் நேரத்தில் குற்றாலம் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், வீட்டுக்காரர், பத்து வயதுப் பையன், மாமியார். சொந்தக் கார். குற்றாலத்தோடு திருநெல்வேலி, திருச்செந்தூர், முடிந்தால் தூத்துக்குடியும். ஒரு வாரம் கையில் இருக்கிறது.

அருவி, கோயில் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கடைகளைப் பற்றித் தெரிய வேண்டும். போன முறை நான்குவழிச் சாலையிலேயே ஒரு பெரிய கடையில் நிறுத்தினோம். கோவில்பட்டி கடலைமிட்டாய், சாத்தூர் சேவு, திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, உடன்குடி கருப்பட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ். எல்லாவற்றிலும் "ஒரிஜினல்" என்று ஸ்டிக்கர். வீட்டில் வந்து பிரித்தால் கடலைமிட்டாயில் காறல் வாடை. சேவு நமுத்துப் போயிருந்தது. அங்கே எதையும் செய்வதில்லை, எங்கிருந்தோ வந்து இறங்குகிறது, அவ்வளவுதான்.

மொபைலில் தேடினால் எந்த ஊருக்கும் அதே நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தானே செய்து தானே விற்கிற கடை, முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடை, உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்குகிற கடை, இதெல்லாம் எங்கே இருக்கிறது? மாமியார் முட்டைகூடச் சாப்பிட மாட்டார். வீட்டுக்காரருக்குப் பரோட்டா இருந்தால் போதும். எனக்குப் பாய், மண்சட்டி, சேலை போன்றவற்றைச் செய்கிற இடத்திலேயே பார்த்து வாங்க ஆசை. கடைப் பெயர்களை மட்டும் சொல்லாமல், எப்படித் தேடுவது என்றும் சொன்னால் நல்லது.

பாபநாசம்_ரூட்:

தங்கச்சி, நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம், தென்காசி, செங்கோட்டை ரூட்டில்தான் பெரும்பாலும் ஓடினேன். எந்த ஊரில் எதைக் கட்டி எடுத்துக்கொண்டு ஜனங்கள் பஸ் ஏறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்கிற விதம். ஊரில் இறங்கி, "இங்கே நல்ல கடை எது?" என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரருக்கு என்று ஒரு பதில் எல்லோரிடமும் தயாராக இருக்கும், அதைத்தான் சொல்வார்கள். "நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு விசேஷம், சம்பந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், எங்கே வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டவர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார், கொஞ்சம் யோசிப்பார். அப்புறம் வருகிற பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். சில சமயம் பெயரே இருக்காது, "அந்தப் பிள்ளையார் கோயில் முக்கில், படி ஏறிப் போனால்" என்று வழிதான் இருக்கும். கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா, சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர், பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர், இவர்களிடம் கேளுங்கள். காலையிலிருந்து இரவு வரை ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு எந்தக் கடையில் எப்போது எது சூடாக வருகிறது என்று தெரியும்.

அடுத்தது நேரம். தானே செய்து விற்கிறவருக்கு நேரம் உண்டு. அடுப்பு பற்றவைக்கிற நேரம், சரக்கு இறங்குகிற நேரம், தீர்ந்து போகிற நேரம். திருநெல்வேலி டவுனில் இருட்டுக்கடை அல்வாவைப் பற்றித் தெரியாதவர் யார்? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில், ராஜஸ்தானத்திலிருந்து வந்த கிருஷ்ணசிங் குடும்பம் தொடங்கிய பழைய கடை. இன்றைக்கும் சாயங்காலம்தான் திறக்கிறார்கள், அல்வா தீர்ந்ததும் மூடிவிடுகிறார்கள். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, தெளிய வைத்து, அதைச் சர்க்கரையோடு நெய் விட்டுக் கிண்டி இறக்குவதற்கு ஆகிற நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. அதனால் நினைத்த நேரத்துக்கெல்லாம் புதிதாக வந்துகொண்டே இருக்காது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த வரிசையில் மாமியாரை நிறுத்த வேண்டாம். டவுனிலும் ஜங்ஷனிலும் தங்கள் பின்கட்டிலேயே கிண்டுகிற அல்வாக் கடைகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். நெய்யும் கோதுமைப் பாலும் வேகிற வாசனை உள்ளேயிருந்து வந்தால் அங்கே செய்கிறார்கள். ஐம்பது, நூறு கிராம் வாழையிலைத் துண்டில் வாங்கி அங்கேயே நின்று தின்று பாருங்கள். சூடான அல்வா விரலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிடித்தால் மட்டும் பார்சல் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

அடுத்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு நாள் காரைத் திருநெல்வேலியில் விட்டுவிட்டு, காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறுங்கள். பஸ் ஓட்டம் ஓடியவன் ரயிலைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம், இந்தக் காரியத்துக்கு ரயில்தான் சரி. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக வரும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைவேலை இருக்கிறது. எல்லாமே தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தொழில்கள். எல்லா ஊரிலும் இறங்க முடியாது, இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து இறங்கி, மிச்சத்தை டவுன் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே திரும்புங்கள்.

சேரன்மகாதேவியில் இறங்கினால் பத்தமடை பக்கம்தான். பாய் வாங்க ஆசை என்றீர்களே, அதற்கு இங்கேதான் போக வேண்டும். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பிறகு ஒவ்வொரு கோரையையும் நீளவாக்கில் கிழித்து உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மேல்தோல் மட்டும்தான் பாய்க்குப் போகும். பருத்தி நூல் பாவில் அதைக் கோத்துக் கோத்து நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், வீட்டுக்குள்ளேயே தறி. அதனால் தெருவில் கடை வரிசை எதையும் எதிர்பார்க்காதீர்கள். "பாய் நெய்கிற வீடு எது?" என்று கேட்டால் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். நீங்களும் மாமியாரும் முன்னால் போங்கள், வீட்டுக்காரர் திண்ணையில் உட்காரட்டும்.

அங்கே போனதும் இரண்டு பாயைக் கையில் வாங்கிப் பாருங்கள். சாதாரணப் பாயில் கோரை தடிப்பாக விரலில் நெருடும். நயமான பாயில் விரலை ஓட்டினால் எங்கே ஒரு கோரை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. மடித்துப் பெட்டியில் வைத்தாலும் முறியாது. அதற்கான விலை இருக்கும். ஒரு நயம் பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்கிறார்கள், அதனால் அந்த இடத்தில் பேரம் பேசாதீர்கள் என்று ஒரு அண்ணனாகக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயரை நெய்து கொடுக்கிற வழக்கமும் உண்டு, அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாயங்கள் பளீரென்று, நூல் நெகிழ்ந்து, கையில் எடுத்தால் லேசாக இருக்கிற பாய்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தொங்கும். பத்தமடைப் பாய் என்றுதான் விற்பார்கள். நெய்த பாயைத் தொட்டுப் பார்த்த பிறகு அதன் பக்கம் கை போகாது.

காருகுறிச்சியில் மண்பாண்டம். நாதசுவரம் வாசித்த அருணாசலம் அவர்களின் ஊர் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள், மாமியாருக்குத் தெரிந்திருக்கும். சட்டியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. மொத்தென்று கேட்டால் கீறலோ வேகாத இடமோ இருக்கிறது. வீரவநல்லூரில் சௌராஷ்டிர மக்கள் நெய்கிற செடிபுட்டாச் சேலை, புவிசார் குறியீடு வாங்கியது. தறிச் சத்தம் கேட்கிற தெருவாகப் பார்த்து நடந்தால் போதும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். கடையில் வாங்குவதைவிட, வீட்டில் இட்டுக் காயவைத்துக் கட்டு போடுகிறவர்களிடம் வாங்குங்கள். எப்போது காய்ந்தது என்று கேளுங்கள், அவர்களே ஒன்றைச் சுட்டுக் கையில் கொடுப்பார்கள்.

சாப்பாடு. இந்த ஊர்களில் காலை டிபனுக்குப் பெரிய ஹோட்டலைத் தேடாதீர்கள். திண்ணையில் இட்லித் தட்டு வைத்திருக்கிற வீடுகளே போதும். இட்லிக்கு எள்ளு வறுத்துப் போட்ட மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்குங்கள். எட்டரை, ஒன்பதுக்குள் போய்விட வேண்டும். சொதியும் கூட்டாஞ்சோறும் எங்கள் பக்கத்துச் சாப்பாடு, ஆனால் அவை வீட்டில்தான் நன்றாக இருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் தேங்காய்ப் பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டவர்களுக்கு ஹோட்டல் சொதி இறங்காது. தெரிந்த வீடு இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு விடுங்கள்.

வீட்டுக்காரருக்குப் பரோட்டா என்றால் செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, அதனால்தான் அந்த இடத்துக்குப் பார்டர் என்று பெயர் நின்றுவிட்டது. சங்கு முத்திரை போட்ட பழைய வளைவு செங்கோட்டையில் இன்னும் நிற்கிறது, பையனுக்குக் காட்டுங்கள். ரஹ்மத் கடைப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் அங்கே சாப்பிடுவதுதான் சாப்பாடு. கோவையிலும் சென்னையிலும் "பார்டர் பரோட்டா" என்று போர்டு பார்த்திருப்பீர்கள், எல்லாம் இந்த ஊர்ப் பெயர்தான். சீசன் நேரத்தில் சனி, ஞாயிறு இரவு கூட்டம் தாங்காது, வார நாளில் போங்கள். மாமியாருக்கு அன்றைக்குத் தென்காசியிலேயே சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

கரிசல்காடு:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் கோவில்பட்டி. எங்கள் ஊர்ப் பண்டத்தைக் காறல் வாடையோடு ஒரு தங்கச்சி வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று படித்ததும் மனது கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பைபாஸில் போர்டுகள் பெருகிவிட்டன. பைபாஸை விட்டு இறங்கி ஊருக்குள் வாருங்கள். பழைய கடைகள் எல்லாம் பஜாரைச் சுற்றித்தான். மதியத்துக்கு முன்னால் வந்தால் பல கடைகளில் பின்பக்கம் வேலை நடப்பதைப் பார்க்கலாம், கேட்டால் காட்டுவார்கள். கடலையை வறுத்து, தோலைத் தேய்த்து ஊதி, இரண்டாக உடைத்து வைத்திருப்பார்கள். வெல்லப் பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். படக்கென்று முறிந்தால் பதம். வளைந்தால் இன்னும் காய வேண்டும். அந்தப் பதம் ஒரு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் ஊற்றி, உருளையால் பரத்தி, சூடு ஆறுவதற்குள் வெட்டியாக வேண்டும். மேலே கலர் தேங்காய்ப்பூ. இதைப் பையன் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, உடைத்துப் பாருங்கள். சத்தம் வர வேண்டும், பல்லில் ஒட்டக் கூடாது. இன்னொன்று, பாக்கெட்டில் போட்ட தேதியைப் பாருங்கள். கடலை எண்ணெய்ப் பண்டம், நாள்பட்டால் காறத்தான் செய்யும், எந்தக் கடையாக இருந்தாலும். நிறைய வாங்கி அடுக்கி வைக்காதீர்கள்.

பெரிய கடை என்றாலே மோசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பெயர் வாங்கின பழைய கடைகளில் சரக்கு வேகமாகத் தீர்கிறது, அதனாலேயே புதுசாகக் கிடைக்கும். சின்னக் கடையில் விற்காமல் கிடந்த பாக்கெட்டைவிட அது எவ்வளவோ மேல்.

கோவையிலிருந்து மதுரை வழியாகத்தான் வருவீர்கள். அப்படியானால் விருதுநகரில் மதியமோ இரவோ வண்டியை ஊருக்குள் திருப்புங்கள். எண்ணெய்ப் பரோட்டா அங்கேதான். விருதுநகர் வியாபாரிகளுக்கும் பர்மாவுக்கும் பழைய தொடர்பு, பர்மா கடை என்ற பெயரிலேயே பரோட்டாக் கடை இருக்கிறது. கல்லில் எண்ணெயை நிற்கவிட்டு அதில் பரோட்டாவை மூழ்க வைத்துப் பொரித்து எடுப்பார்கள், மொறுமொறு என்று இருக்கும். சால்னாவை உடனே ஊற்றி ஊறவைக்காமல், முதல் துண்டை வெறுமனே தின்று பார்க்கச் சொல்லுங்கள். சாத்தூரில் சேவு, பூண்டும் மிளகாயும் போட்டது. ஊருக்குள் அடுப்புச் சட்டியிலிருந்து அரிகரண்டியில் இறக்குகிற நேரமாகப் பார்த்து வாங்கினால் நமுத்துப் போவதற்கு வேலையே இல்லை. வெயில் காலமாக இருந்தால் சாத்தூர் வெள்ளரிக்காயையும் சொல்வேன், ஆனியில் எப்படி என்பது அந்த வருட மழையைப் பொறுத்தது.

திரும்பும்போது வந்த வழியிலேயே போகாமல் தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போங்கள். பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறு எதுவும் சேரக் கூடாது. அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமே செய்து விற்கிறது. ஆண்டாள் கோயிலைச் சுற்றியும் பழைய கடைகள் இருக்கின்றன. கிண்டி இறக்கிய சூட்டோடு ஒரு கரண்டி வாங்கி வாயில் போட்டுப் பாருங்கள், மணல் மணலாக நாக்கில் கரையும். கடைசி ஊராக இதை வைத்துக்கொண்டால் கோவை போய்ச் சேரும்வரை கெடாது.

முத்துநகர்ப்பெண்:

தூத்துக்குடியை "முடிந்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே அக்கா! கட்டாயம் வாருங்கள்.

மக்ரூனை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மாமியாருக்கு அது ஆகாது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, இந்த மூன்றும்தான் மக்ரூன். போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது என்று ஊரில் சொல்வார்கள். வெள்ளைக்கருவை நுரை எழும்ப அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் கலந்து, சின்னக் கோபுரமாகத் தட்டில் பிழிந்து, அடங்கிய சூட்டில் மெதுவாகக் காயவிடுவார்கள். வெளியே சிவந்துவிட்டால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். நல்ல மக்ரூன் லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. கடித்தால் வெளியே நொறுங்கும், நடுவில் முந்திரி கொஞ்சம் மெத்தென்று இருக்கும். விலை குறைவாகச் சொன்னால் முந்திரியைக் குறைத்திருப்பார்கள், தின்றதும் வெறும் சர்க்கரைதான் தெரியும். கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பழைய பெயர்கள். நான் எங்கள் தெருமுனை பேக்கரியில்தான் வாங்குவேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேக்கரி உண்டு, அதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊர்க்காற்றில் ஈரம் அதிகம், டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். காற்றுப் புகாத டப்பா ஒன்று கொண்டு வாருங்கள்.

வீட்டுக்காரருக்கு: இங்கே பரோட்டாக் கடைகளை "நைட் கிளப்" என்றுதான் சொல்வோம். சாயங்காலம்தான் கல் சூடாகும். பயந்துவிடாதீர்கள், குடும்பத்தோடு போகிற இடம்தான். பொரித்த பரோட்டா, கோழி, சால்னா.

திருச்செந்தூர் போகிற வழியில் ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர் போன ஊர், அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. மாமியார் வெற்றிலை போடுவார் என்றால் ஒரு கவுளி வாங்கிக் கொடுங்கள், காரம் சுருக்கென்று இருக்கும். திருச்செந்தூரைத் தாண்டினால் உடன்குடி. இங்கேதான் நீங்கள் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும் என்று சொல்வேன்.

கருப்பட்டி என்ற பெயரில் நாடெங்கும் விற்பதில் சீனி கலந்தது ஏராளம். பதநீர் இறங்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான், நீங்கள் வருகிற ஆனியில் இன்னும் இருக்கும். தேரிக்காட்டுப் பக்கம், அதாவது செம்மணல் காட்டுப் பக்கம், விடிந்ததும் போனால் பனைக்கடியிலேயே பதநீர் குடிக்கலாம், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். அதையே பெரிய சட்டியில் காய்ச்சிக் கூழாக்கி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவதுதான் கருப்பட்டி. சிரட்டையின் கண் தடம்கூடச் சிலதில் பதிந்திருக்கும். என் பாட்டி கருப்பட்டியை உடைத்து உள்ளே பார்ப்பார். உடைந்த இடம் பளபளவென்று மின்னினால் கீழே வைத்துவிடுவார், மங்கலாக, கொஞ்சம் ஈரமாக இருந்தால் எடுத்துக்கொள்வார். நானும் அதைத்தான் செய்கிறேன். நாக்கில் வைத்தால் இனிப்போடு ஒரு கரிப்பும் புகை வாசனையும் வர வேண்டும், வெறும் இனிப்பு மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள். சுக்கும் மிளகும் போட்ட சில்லுக்கருப்பட்டியும் கேளுங்கள், பையன் மிட்டாய்க்குப் பதில் அதைக் கேட்க ஆரம்பித்துவிடுவான்.

ஒரே ஒரு வேண்டுகோள். பனை ஏறுகிறவரிடமோ காய்ச்சுகிற அம்மாவிடமோ நேராக வாங்கினால் கேட்ட விலையைக் கொடுத்துவிடுங்கள். விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று மரம் மரமாக ஏறி இறங்குகிறார்கள். அடுத்த தலைமுறையில் ஏற ஆள் இல்லை என்று எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் பேச்சு.

அங்கிருந்து மணப்பாடு பக்கம்தான். கடலுக்கு மேலே மணல் மேட்டில் திருச்சிலுவைக் கோயில் பார்த்திருப்பீர்கள். பனையோலைப் பெட்டி முடைகிற பெண்கள் இருக்கிறார்கள், கருப்பட்டியை ஓலைப் பெட்டியிலேயே வாங்கி வைத்தால் கசியாது.

கோவை_வடவள்ளி:

அண்ணன்மார் இரண்டு பேருக்கும், தங்கச்சிக்கும் ரொம்ப நன்றிங்க. படித்துவிட்டு மாமியாரிடம் காட்டினேன். காருகுறிச்சி அருணாசலம் பெயரைப் பார்த்ததும், பாசஞ்சரில் போவதாக இருந்தால் அந்த ஊரில் இறங்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் பத்தமடை, காருகுறிச்சி இரண்டு ஊர் என்று வைத்திருக்கிறோம். வீரவநல்லூர் சேலையை வரும் வழியில் டவுன் பஸ்ஸில் பார்க்க முடியுமா?

இன்னும் இரண்டு கேள்வி. மண்சட்டியைக் காரில் கோவை வரை உடையாமல் கொண்டு வர முடியுமா? அப்புறம், ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம் வரும் என்று மாமியார் சொல்கிறார். அந்த நேரத்தில் டவுனுக்கு வரலாமா, தவிர்த்துவிடலாமா?

பாபநாசம்_ரூட்:

தாராளமாக முடியும். வீரவநல்லூருக்குப் பஸ் வந்துகொண்டே இருக்கும், காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் மதியத்துக்கு முன்னால் போங்கள். தறிக்காரர்கள் மதியம் சாப்பிட்டுச் சற்றுக் கண் அசர்வார்கள்.

சட்டியைச் செய்கிறவர்களே வைக்கோலில் பொதிந்து கட்டித் தருவார்கள், சொல்லிக் கேளுங்கள். பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் வைக்கோல் திணித்து, டிக்கியில் வைக்காமல் பின்சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் வையுங்கள். குண்டு குழியில் டிக்கிதான் அதிகம் குலுங்கும். வீட்டுக்குப் போனதும் உடனே அடுப்பில் ஏற்றாமல், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி இரண்டு மூன்று நாள் பழக்குங்கள்.

தேரோட்டத்தைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனது வராது. பெரிய தேர் ரத வீதியில் திரும்புவதைப் பையன் ஒரு தடவையாவது பார்க்கட்டும். ஆனால் தேரன்று டவுனுக்குள் கார் நுழையாது, ஜங்ஷனிலேயே நிறுத்திவிட்டு நடந்தோ ஆட்டோவிலோ வாருங்கள். அன்றைக்கு அல்வா வாங்குகிற யோசனையை விட்டுவிடுங்கள், எந்தக் கடை வாசலிலும் நிற்க இடம் இருக்காது. செங்கோட்டை வண்டிக்கு வேறொரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது இடது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள், சேரன்மகாதேவி தாண்டினால் மலை அந்தப் பக்கம்தான் வரும்.

கரிசல்காடு:

கிளம்புகிற தேதி முடிவானதும் இங்கே ஒரு வரி போடுங்கள். கோவில்பட்டியில் அன்றைக்கு எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் பாகு ஏறுகிறது என்று முதல்நாளே கேட்டுச் சொல்கிறேன்.